மஞ்சளில் போட்ட கோடு

போன மாதம் நம் குவில்ட் குழுவில் நடந்த கலவரம் உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அடையாறில் அந்த அபார்ட்மென்ட் ஹாலில் வாரம் ஒருமுறை கூடி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற நம் கூட்டத்தில் மயிலாப்பூர்க்காரிதான் கை சுத்தம். அவள் ஆறு மாதம் உட்கார்ந்து தைத்த போர்வையைக் கனடாவில் இருக்கும் பேரனுக்கு அனுப்பினாள். அங்கே பனிக்காலம். பார்சலைப் பிரித்து மருமகள் அனுப்பிய போட்டோவில், அவள் இஸ்திரி போட்டு அழித்த கோடுகள் அத்தனையும் வெள்ளைத் துணியில் மறுபடி எழுந்து நின்றன.

“சூடு பட்டா போயிடும்னுதானே அந்தப் பேனாவை வாங்கினேன்! இஸ்திரிப் பெட்டி வெச்ச க்ஷணம் போயிடுத்தே, நீங்கள்லாம் பாத்தேளே!” என்று அவள் போட்ட வாய்ஸ் மெசேஜில் பாதி அழுகை.

சூட்டில் போனது குளிரில் திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்றைக்கு வாட்ஸ்அப்பில் நாம் அடித்த கூத்து இருக்கிறதே! தண்ணீரில் போகும் நீலப் பேனாதான் உத்தமம் என்றாள் ஒருத்தி. அதை அலசாமல் இஸ்திரி போட்டால் ஜென்மத்துக்கும் போகாது என்றாள் இன்னொருத்தி. காற்றிலேயே மறைகிற ஊதாப் பேனா நம் ஊர்ப் புழுக்கத்தில், ஊசியில் நூல் கோப்பதற்குள் மறைந்துவிடுகிறதாம். டெய்லர் சாக்பீஸ், தேய்ந்த சோப்புத் துண்டு, பென்சில் என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். நான் ஒரே ஒரு பதில் போட்டேன்: ‘எதுவானாலும் முதலில் ஒரு பிட்டுத் துணியில் கோடு போட்டு, சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நல்ல துணியைத் தொடுங்கள். யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.’

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டீர்கள். அது கோபம் இல்லை, வெட்கம். எனக்கு அறுபத்தைந்து நடக்கிறது. பதினொரு வயதில் பட்ட வெட்கம் இன்னும் காது மடலில் சூடாக இருக்கிறது. அதைக் குழுவில் எழுதினால் கட்டைவிரலும் சிரிக்கிற மூஞ்சியும் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். அதனால் இப்படிக் கடிதமாக எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் வீடு தி. நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் இருந்தது. அப்பாவுக்கு ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். இன்றைக்கு நீங்கள் லிப்டில் ஏறிப் போகிற மாதிரிக் கடை இல்லை, இரண்டே கதவு. விற்காத முனைத்துண்டுகள், சாயம் வெளுத்த ஓரங்கள் எல்லாம் மூட்டையாக வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுத் தலையணை உறை, கைப்பிடித் துணி, என் உள்பாவாடை எல்லாமே அந்த மூட்டையிலிருந்து பிறந்தவைதான்.

பள்ளி விட்டு வந்ததும் நான் கடைக்கு ஓடிவிடுவேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அது என்னுடையது. அப்பா மீட்டர் கோலால் துணியை அளந்து, ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் சர்ரென்று கிழிப்பார். அந்தச் சத்தத்துக்காகவே போவேன். சில நாள் வெட்டுக் கொடுத்துவிட்டு முனையை என் பக்கம் நீட்டுவார். நான் கிழிப்பேன், வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது உஸ்மான் ரோட்டைக் கடக்க என் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் உள்ளங்கையில் எப்போதும் புதுத்துணிக் கஞ்சி வாசனை.

பள்ளி மயிலாப்பூரில். ஆறாம் வகுப்பில் தையல் டீச்சர் எங்கள் ஒவ்வொருத்திக்கும் வெள்ளை மல் துணி கொடுத்து, குழந்தைக்குப் போடுகிற மாதிரி ஒரு சின்னப் பஞ்சுப் போர்வை தைத்து வரச் சொன்னார். அடியில் ஒரு மல், மேலே ஒரு மல், நடுவில் பஞ்சு. பஞ்சு ஓரிடத்தில் திரளாமல் இருக்க, மேலெல்லாம் சாய்சதுரக் கட்டம் போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே கையால் தைக்க வேண்டும். கார்த்திகையில் பள்ளிக் கண்காட்சி. நன்றாகத் தைத்ததை வாசலிலேயே மாட்டிவைப்பார்களாம்.

“கோடு உங்க கைக்குத்தான், ஊர் பாக்கறதுக்கில்லே,” என்றார் டீச்சர். “தைச்சு முடிச்சப்புறம் அங்கே ஒரு கோடு இருந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியப்படாது. தெரிஞ்சா அது அழுக்கு.”

எதனால் கோடு போடுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ஆளாளுக்கு வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். எங்கள் வீட்டில் யாரைக் கேட்பது? தீபாவளி வியாபாரம். அப்பா சாப்பிடக்கூட வருவதில்லை. நானே கடை மூட்டையிலிருந்து வெள்ளைத் துண்டுகளை உருவி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பென்சில் கோட்டை ரப்பரால் தேய்த்ததும் கரி இழுபட்டு, மீசை முளைத்தது மாதிரி ஆயிற்று. கடை வாசலில் மெஷின் போட்டிருந்த டெய்லரிடம் அவர் கோடு போடுகிற சாக்பீஸ் கேட்டேன். அது மெழுகுக் கட்டி, இஸ்திரிப் பெட்டி பட்டதும் வடை வைத்த காகிதம் மாதிரி எண்ணெய்க் கறை விட்டது. சொட்டு நீலத்தைத் தொட்டுப் போட்டால் கோடு நிற்காமல் பரவியது. பள்ளிக்கூடச் சாக்பீஸும் சோப்பும் வெள்ளையில் வெள்ளை, கண்ணுக்கே தெரியவில்லை.

அந்த வாரம் அப்பாவின் வேட்டியில் சாம்பார் கொட்டியது. அம்மா அதை அலசக்கூட இல்லை.

“வெயில்ல போடு. மஞ்சக் கறை தானே போயிரும்,” என்றாள்.

கொடியில் போட்டேன். மத்தியானத்துக்குள் கறை போன இடம் தெரியவில்லை. எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. விரலி மஞ்சளைக் கல்லில் இழைத்து, ஈர்க்குச்சியின் முனையைத் தட்டித் தொட்டு, ஸ்கேல் வைத்து ஒரு பிட்டுத் துணியில் கோடு போட்டேன். பளிச்சென்று விழுந்தது. வெயிலில் வைத்தேன், பறந்துவிட்டது. பதினொரு வயதில் இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்? சோப்புப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வெயில் இருக்கும்போது சோப்பு எதற்கு?

டீச்சர் கொடுத்த மல் முழுக்க மஞ்சள் கட்டம் போட்டேன். கடை முக்காலியில் உட்கார்ந்து தைத்தேன். அத்தனை நேர்த்தியாக நான் அதற்கப்புறம் எதையும் தைத்ததில்லை, உங்கள் முன்னால் தைப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வந்து போகிறவர்களிடம் அப்பா, “எம் பொண்ணு தைக்கா, பாருங்க,” என்று போர்வையின் முனையைத் தூக்கிக் காட்டுவார்.

நான் முடிச்சுப் போட்டு நூலை அறுத்த அன்று மழை பிடித்தது. சென்னை மழை உங்களுக்குத் தெரியும், ஆரம்பிக்கிற வரைக்கும்தான் யோசிக்கும். வானம் கரிப்பானை மாதிரி மூடிக்கொண்டது. பள்ளிக்கு லீவு விட்டார்கள், கண்காட்சியை மட்டும் தள்ளிப்போடவில்லை. நான் மொட்டை மாடிப் படியில் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு வெயிலுக்குக் காத்திருந்தேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், அம்மா கடைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். அத்தை முன்ரூமில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கொல்லைப்பக்கக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சலவை சோடாவைக் கரைத்து, சோப்புக் கட்டியை எடுத்துப் போர்வையில் தேய்த்தேன்.

மஞ்சள் கோடுகள் சிவந்தன.

முதலில் ஒரு கட்டம், அப்புறம் பக்கத்துக் கட்டம். கை படப் பட ரத்தக் கீறல் மாதிரி எழும்பி வந்தன.  இன்னும் சோப்புப் போட்டேன், இன்னும் சிவந்தது. வாசலில் அம்மாவின் குடை மடங்குகிற சத்தம் கேட்டது. சொதசொதவென்று கனத்துக் கிடந்த போர்வையைப் பிழிந்தும் பிழியாமலும் சுருட்டிக்கொண்டு அறைக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் யூனிபார்மை மடித்துப் படுக்கைக்கு அடியில் வைத்துப் படுத்தால் காலையில் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். அந்த யோசனைதான் எனக்கும். விரிப்புக்கு அடியில் போர்வையைப் பரப்பி அதன்மேல் படுத்தால் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஈரம் முதுகில் ஏற ஏறப் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்து நடந்தபோது அத்தைதான் முதலில் பார்த்தாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், எங்களோடேயே இருந்தாள். அவளுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். குரல் பனகல் பார்க் வரைக்கும் கேட்கும், மனசு அதைவிடப் பெரிசு. என் வெள்ளை உள்பாவாடையின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தவள், கையிலிருந்த காபி டம்ளரைத் தரையில் வைத்தாள்.

“ஏளா, இங்க ஓடியா! நம்ம பிள்ள சமைஞ்சுட்டா!”

அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள். எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. மஞ்சளும் சோப்பும் மாட்டிக்கொண்டுவிட்டன என்றுதான் விளங்கியது. ஓவென்று அழுதேன்.

“தெரியாம பண்ணிட்டேம்மா. இனிமே பண்ணமாட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா என் கன்னத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: “வயிறு வலிச்சுதாட்டி?” ராத்திரியெல்லாம் பயத்தில் வயிற்றைப் பிசைந்தது உண்மை. ஆமாம் என்று தலையாட்டினேன். அதோடு தீர்ந்தது. அத்தை நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். மழைச் சத்தத்தை மீறிப் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

கடையிலிருந்த சைடு ரூமில் என்னை உட்காரவைத்தார்கள் என்று எழுதப் பார்க்கிறேன், பாருங்கள், இப்போதும் மனசு கடைக்குத்தான் ஓடுகிறது. வீட்டின் சைடு ரூமில். தனித் தட்டு, தனி டம்ளர், வாசலில் குறுக்கே ஓர் உலக்கை. இனிமேல் மாசாமாசம் என்ன ஆகும், யாரிடம் பேசலாம், யாரிடம் பேசக்கூடாது என்று அத்தை விளக்கமாகச் சொன்னாள். அவள் சொல்லி முடித்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் கொண்டாடுகிற காரியம் எனக்கு நடக்கவே இல்லை.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எந்த வார்த்தையில் சொல்வது? அந்த வயதில் அந்த விஷயத்துக்கு என்னிடம் ஒரு சொல்கூடக் கிடையாது. அப்பா என் பக்கமே வரவில்லை, ஆண்கள் பார்க்கக்கூடாதாம். நடையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டு, “அப்பா” என்று கூப்பிட்டேன். சத்தம் ஒரு கணம் நின்றது. அப்புறம் வேகமாகப் போய்விட்டது.

அன்றைக்கே அப்பா தந்தி ஆபீசுக்குப் போனார். அது சாதாரணத் தந்தி இல்லை. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, கோவில்பட்டியில் இருந்தார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் கடைத் திறப்பு விழாவுக்கு வந்தவரை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்களாம். மாமா இலையை மூடிவிட்டு எழுந்து, இனி இந்த வீட்டு மனுஷன் தன் பேரில் என்னைக் கூப்பிடாமல் இந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அப்பாவும் லேசில் இறங்குகிற ஆள் இல்லை. அம்மா பத்து வருஷத்துக்கு மேல் தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து சீர் செய்து தண்ணீர் ஊற்றாமல் எங்களில் சடங்கு கிடையாது. அப்பா தன் பேரில்தான் தந்தி கொடுக்கவேண்டும். கொடுத்தார்.

அம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உளுந்தங்களி கிண்டி, குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தாள். கருப்பட்டி வாசனை அறையெல்லாம். “தின்னுட்டி, இடுப்பு பலமாவும்,” என்று உருட்டி உருட்டி வாயில் கொடுத்தாள். எனக்கு அந்தக் களி பிடித்திருந்தது. அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததும் பிடித்திருந்தது. அது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் பாவாடை, விரிப்பு, அடியில் கிடந்த போர்வை எல்லாவற்றையும் அத்தை கண்ணை மூடிக்கொண்டு ஒரே சுருட்டாகச் சுருட்டிக் கொல்லைச் சுவரில் போட்டிருந்தாள். அன்றைக்கு உடுத்தினது, படுத்தது எல்லாம் துணி வெளுக்கிற அம்மாவுக்குத்தான் போகும், திரும்பி வராது, அது வழக்கம். மறுநாள் காலை சைடு ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராத்திரி பூரா மழை அதன்மேல் கொட்டியிருக்கிறது. சுருட்டு அவிழ்ந்து, பாவாடையின் ஓரம் தொங்கியது. சிவப்பு இல்லை. கறை மஞ்சளாகத் திரும்பியிருந்தது.

ரத்தம் மழையில் மஞ்சளாகுமா? யாராவது பார்த்தால் தீர்ந்தது என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்த்துவிட மாட்டார்களா என்றும் அடித்துக்கொண்டது. அம்மாதான் வந்தாள். மூட்டை கட்டுவதற்காகச் சுருட்டைச் சுவரிலிருந்து இறக்கினாள், பிரித்தாள். என் பக்கம் அவள் முதுகு. அப்படியே நின்றாள். மழைத்தூறல் தலையில் விழுகிறது, அவள் நகரவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து, முன்னைவிட இறுக்கமாகச் சுருட்டி ஒரு பழைய வேட்டியில் கட்டினாள்.

வெளுக்கிற அம்மா அன்றைக்கே வந்தார். “இன்னாம்மா, பொண்ணு பெரிய மனுஷி ஆய்ட்சாமே! எனுக்கு புதுப் பொடவ கீது இல்ல?” என்றார்.

“உண்டு, உண்டு. சடங்கன்னைக்கு வா,” என்றாள் அம்மா. மூட்டையைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்தாள். அதற்குள் என் போர்வையும் போயிற்று.

மாமா வந்தார். மழையில் நனைந்த ரயில்பெட்டி வாசனையோடு, தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் இறக்கி, வாசற்படியில் ஒரு கணம் நின்றார். அப்பா உள்ளேயிருந்து வந்து அவர் கையைப் பிடித்து, “வாங்க மாப்ள,” என்று கூட்டிக்கொண்டு போனார். அம்மா சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் அன்றைக்கு முதல் பந்தியில் முதல் இலை மாமாவுக்கு.

பதினாறாம் நாள் சடங்கு. பந்தல், மைக் செட், கடையிலிருந்து வந்த அரக்குப் பட்டு, தலை கனக்கப் பூ. மாமா ஊற்றிய மஞ்சள் தண்ணீர் முதுகில் சில்லென்று இறங்கியது. எல்லாம் முடிந்து ஆரத்தி. அத்தை தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள்பொடியைக் கரைத்தாள். சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து அதில் கலக்கினாள். என் கண்ணுக்கு முன்னால், அத்தனை பேர் கண்ணுக்கு முன்னால், மஞ்சள் தண்ணீர் சிவந்தது.

அங்கே இருந்த பெண்களில் ஆரத்தி கரைக்காதவள் ஒருத்தி உண்டா? மஞ்சளில் சுண்ணாம்போ சோடாவோ பட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவள் உண்டா? ஒருத்திக்கும் தோன்றவில்லை. என்னைத் திருஷ்டி சுற்றினார்கள். நான் அம்மாவைத் தேடினேன். கூட்டத்தின் ஓரத்தில் தன் தம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். என் கண்ணைப் பார்த்தாள். உடனே திரும்பிக்கொண்டு, “இலை போடுங்க, இலை போடுங்க,” என்று யாரையோ விரட்டினாள்.

பார்த்துவிட்டாள், தெரிந்துகொண்டாள் என்று ஒரு மனசு சொல்லும். தெரிந்திருந்தால் இப்படி விட்டிருப்பாளா, அவள் அம்மா இல்லையா என்று இன்னொரு மனசு சொல்லும். இரண்டையும் வைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

கண்காட்சி எப்போதோ முடிந்திருந்தது. மறுபடி பள்ளிக்குப் போனபோது என் வகுப்பில் நான் ஒருத்திதான் தாவணி. “உன் போர்வை எங்கேடி?” என்று டீச்சர் கேட்டார். நான் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “நல்ல துணியைத் தொலைச்சுட்டு நிக்கறது பார்,” என்றார்.  பின்வரிசையில் சிரித்தார்கள், அவர்கள் சிரித்தது போர்வைக்காக இல்லை.

சாயங்காலம் பழக்கதோஷத்தில் கடைக்குப் போனேன். என் முக்காலியில் துணிக்கட்டு ஏற்றி வைத்திருந்தது. அப்பா யாருக்கோ அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்து, “பெரிய பிள்ள ஆயிட்டல்லாம்மா. கடைக்கெல்லாம் வரக்கூடாது. வீட்டுக்குப் போ,” என்றார். கடைப் பையனைத் துணைக்கு அனுப்பினார். அதற்கப்புறம் குடும்பத்தோடு எத்தனையோ முறை உஸ்மான் ரோட்டைக் கடந்திருக்கிறோம். அவர் முன்னால் போவார், நான் அம்மாவின் பின்னால் போவேன். அவர் கை மறுபடி என் கைக்கு வந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவருடைய கடைசி வாரத்தில்தான்.

நடக்காத ஒன்றுக்காக இதையெல்லாம் கொடுத்தேன். நிஜமாகவே நடந்தபோது எனக்குப் பதிமூன்றாகப் போகிறது. என்ன சொல்லி விளக்குவது என்று அம்மாவிடம் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எப்படி, எப்போது என்று ஒரு கேள்வி இல்லை. பெட்டியைத் திறந்து, தயாராக மடித்து வைத்திருந்த துணியை எடுத்துக் கொடுத்தாள்.

“அத்தகிட்ட மூச்சு விடாத,” என்றாள்.

ஊரே அறியக் கொண்டாடினது பொய். நிஜமானதைத் திருட்டுச் சாமான் மாதிரி மறைத்தோம். அதற்கப்புறம் சொந்தத்தில் எந்தச் சடங்குக்கும் என்னால் நிம்மதியாகப் போக முடிந்ததில்லை. ஆரத்தி கரைக்கிற நேரத்துக்குக் கை கழுவப் போய்விடுவேன். என் மகளுக்கு நான் சடங்கு எதுவும் செய்யவில்லை. முற்போக்கு என்று எல்லாரும் மெச்சினார்கள். முற்போக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அத்தை, அப்பா, மாமா எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மா மட்டும் என்னோடு அடையாறில் இருக்கிறாள். எண்பத்தேழு வயது. காது மந்தம், கண் கூர்மை.

மயிலாப்பூர்க்காரியின் கலவரம் நடந்த வாரம், கோடு எப்படி ஏமாற்றும் என்று குழுவுக்கு போட்டோ போடலாம் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. ஒரு பிட்டு வெள்ளைத் துணியில் மஞ்சளால் சாய்சதுரக் கட்டம் போட்டேன். பாத்ரூம் பக்கெட்டில் முக்கி, சோப்புப் போட்டேன். சிவந்தது. போட்டோ எடுக்கப் போனில் கை வைத்தேன், முடியவில்லை. பதினொரு வயதுக்காரி மாதிரி அந்தப் பக்கெட்டின் முன்னால் குந்தியிருந்தேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பக்கெட்டில் கிடந்த சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“ஃப்ரிட்ஜ்ல எலுமிச்சம்பழம் கெடக்கா? ஒரு மூடி கொண்டாட்டி.”

கொண்டுவந்து கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, துணியை மடியில் போட்டுக்கொண்டு, அதன்மேல் பழத்தைப் பிழிந்தாள். சாறு விழுந்த இடமெல்லாம் சிவப்பு கலைந்து மஞ்சள் திரும்பியது.

“மழத்தண்ணி பட்டாலும் இப்படித்தான் திரும்பிரும்,” என்றாள்.

 அப்புறம் அவள் காதுக்கு அருகில் குனிந்து கேட்டேன். “அப்ப அன்னைக்கே ஒனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியும்.” எலுமிச்சைத் தோலை விரலால் அமுக்கிக்கொண்டே இருந்தாள், அதில் சாறு இல்லை. “மொத நாளே தந்தி போயிருச்சுல்லாட்டி. ஒங்கப்பா பேர்ல. நான் வாயத் தொறந்தா அது பொய்த் தந்தி. எந் தம்பி பாதி வழியில திரும்பிப் போவான். பெறகு எந்தக் காலத்துல வருவான்?”

நான் அந்தத் தோலை அவள் விரல்களிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“ஒன் மூஞ்சியப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கும். களி ஊட்டும்போது இருந்துது. இப்பமும் இருக்கு.”

இத்தனை வருஷமும் அந்த வெட்கம் என் ஒருத்தியுடையது என்று நினைத்திருந்தேன். துணியை அவள் மடியிலிருந்து எடுத்து அலசிப் பிழிந்தேன். பால்கனியில் நல்ல வெயில். கொடியில் விரித்துப் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுத் திரும்பினேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் துணியின் மேல் இருந்தது, என்மேல் இல்லை.

“அவன் வந்தாம்லா,” என்றாள்.

“வந்தாரும்மா,” என்றேன்.